வெப்சைட் செய்து தருபவரிடம் முதலில் என்ன கேட்பது?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் ஆறு வருடமாக முந்திரிக் கடை வைத்திருக்கிறேன். பண்ருட்டியிலிருந்து பருப்பு வாங்கி, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு விற்கிறோம். கடையில் நானும் என் கணவரும்தான். வெப்சைட் செய்ய ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 60,000. இருவருமே "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கவலையை விடுங்கள்" என்கிறார்கள். யாரிடம் கொடுப்பது? (வாசகி, கடலூர்)

பதில்: விலை இருக்கட்டும், அந்த "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்பதில்தான் எனக்குப் பயம்.

டொமைன் என்பது உங்கள் இணைய முகவரி. அதை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்க முடியாது, காலக்கெடு முடியும்போது பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். யாருடைய கணக்கில் பதிவாகிறதோ அவர் கையில்தான் பிடி. நெல்லிக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கும் என் அண்ணிக்கு வெப்சைட் செய்து கொடுத்த பையன், டொமைனைத் தன் கணக்கிலேயே பதிவு செய்துவிட்டான். பிறகு வேறு ஊருக்கு வேலைக்குப் போனான், போன் எண்ணும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் அவனுக்கே போயின. ஒரு நாள் காலையில் அண்ணி போனில் திறந்து பார்த்தால், "இந்தப் பெயர் விற்பனைக்கு" என்று வருகிறது. அந்த முகவரி அச்சடித்த துணிப்பைகள் கட்டுக்கட்டாகக் கடையில் கிடந்தன. கறுப்பு மார்க்கரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பையிலும் அந்த வரியை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் டொமைன் பதிவு செய்யும்போது அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் எண், உங்கள் கார்டு. ஓடிபி உங்கள் போனுக்கு வர வேண்டும். ஹோஸ்டிங்குக்கும், அதாவது உங்கள் வெப்சைட் இருக்கும் வாடகை இடத்துக்கும், இதேதான். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் வருடம் எவ்வளவு என்று கேளுங்கள். இதற்கெல்லாம் மழுப்புகிறவர் 15,000 கேட்டாலும் வேண்டாம், 5,000 கேட்டாலும் வேண்டாம்.

சரி, விலைக்கு வருவோம். குறைந்த விலை பெரும்பாலும் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் ரெடிமேட் டிசைனைப் போட்டு, நாலைந்து பக்கம் நிரப்பித் தருவதற்கு. அது தப்பே இல்லை, உங்கள் கடைக்கு அது போதும். 60,000 கேட்பவரிடம் டிசைனுக்கு எவ்வளவு, போட்டோவுக்கு எவ்வளவு, ஆன்லைன் பேமென்ட்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேளுங்கள். வெப்சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் மூலம் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குத் தனியாக ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வெப்சைட்டிலேயே பொருளைத் தேர்ந்து சேர்க்கும் கூடை (கார்ட்), ஆன்லைன் பேமென்ட் எல்லாம் முதல் வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. வாட்ஸ்அப் பட்டன் ஒன்று போதும். பின்னால் சேர்க்கும்போது பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்படி செய்யச் சொல்லுங்கள்.

உண்மையான வேலை உங்கள் பக்கம்தான் இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு "டபிள்யூ 320" என்றால் என்ன தெரியும்? ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும் என்று எழுதுங்கள். டபிள்யூ 240 தரத்தில் பருப்பு பெரிது, அதனால்தான் விலை கூடுதல் என்றும் சொல்லுங்கள். இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நீங்களே படம் எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் படத்தைப் போட விடாதீர்கள். வாங்குகிறவர் வீட்டில் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதே பருப்புதான் இருக்க வேண்டும். உணவுப் பொருள் ஆயிற்றே, உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணையும் போடுங்கள்.

பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை, எல்லாப் பாஸ்வேர்டும் உங்கள் கைக்கு வந்து, நீங்களே ஒரு விலையை மாற்றிப் பார்த்த பிறகு. அப்படியும் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கியதற்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று அவர்கள் வாதாடலாம். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதனால் பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் டொமைன் ஏற்கெனவே டிசைனர் கணக்கில்தான் இருக்கிறது. மாற்ற முடியுமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: முடியும். டொமைன் பதிவாகியிருக்கும் அதே நிறுவனத்தில் நீங்கள் ஒரு கணக்கு திறந்தால், அவர் தன் கணக்கிலிருந்து உங்களுக்கு மாற்றிவிடலாம். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோவதென்றால் மாற்றத்துக்கு அனுமதி தரும் ரகசியக் குறியீட்டை (டிரான்ஸ்ஃபர் கோடு) அவரிடம் வாங்க வேண்டும். உறவு நன்றாக இருக்கும்போதே, இந்த வாரமே கேட்டுவிடுங்கள். டொமைன் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.