ஐந்து கட்டையில் ஒரு ரசிகை

அன்புள்ள ஐயா,

எனக்கு இருபத்தாறு வயது. கணினித் துறையில் வேலை. அந்தக் காலத்து நாடக மேடையில் பாடி நடித்த கிட்டப்பா, பாகவதர், டி.ஆர். மகாலிங்கம், கே.பி. சுந்தராம்பாள் என்றால் எனக்கு உயிர். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ரயில் பயணத்தில் பக்கத்து இருக்கைப் பெரியவரின் கைப்பேசியில் கிட்டப்பாவின் ‘காயாத கானகத்தே’ கேட்டேன். அன்றிலிருந்து விடவில்லை. என்னைப் போலவே நாலைந்து பேர் சேர்ந்துகொண்டோம். ஞாயிறு மாலைகளில் கூடி, ஆளுக்கொரு பாட்டுப் போட்டுக் கேட்கிறோம்.

வீட்டிலும் அலுவலகத்திலும் கிண்டல்தான். “என்ன இப்படிக் கத்துகிறார்கள்”, “எல்லாம் மிகை நடிப்பு” என்கிறார்கள். என் நெருங்கிய தோழி நியூயார்க் பிராட்வே இசை நாடகங்களின் தீவிர ரசிகை. நம்மிடம் அப்படியொரு மரபே கிடையாது என்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பிறப்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன் முடிந்துபோன ஒன்றின் மேல் இவ்வளவு ஆசை வைப்பது வெறும் பழசு மோகமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் கூட்டமும் பாட்டுக் கேட்டு “ஆகா” சொல்வதோடு நின்றுவிடுகிறது. இதற்கு மேல் என்ன செய்வது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி நானும் அதே பாட்டைப் போட்டுக் கேட்டேன். கேட்டு முடித்ததும் தூக்கம் வரவில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் அந்தக் “கத்துகிறார்கள்”. அந்தக் குரல்கள் உருவானபோது ஒலிபெருக்கி நம் ஊர்களுக்கு வந்து சேரவில்லை. திறந்த வெளி, கொட்டகை, ஆயிரக்கணக்கில் ஜனம். தரை டிக்கெட் எடுத்து மணலில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அடுத்த ஊரில் நடிகருக்கு நாடகம் கிடைக்காது. அதனால் சுருதியை மேலே வைத்தார்கள். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். இன்றைய ஆண் கர்நாடக சங்கீதப் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். நாடக மேடையில் நாலரை, ஐந்து என்று ஆரம்பிப்பார்கள். சுந்தராம்பாளின் சுருதியை ஐந்தரைக் கட்டை என்பார்கள். வெறும் தொண்டைக் கனத்தால் அந்த உயரத்தில் சொல்லை உடையாமல் நிறுத்த முடியாது. சின்ன வயதிலிருந்தே பழக்கியிருக்க வேண்டும்.

பழக்கிய இடம் பாய்ஸ் கம்பெனி, அதாவது சிறுவர்களை நடிக்கவைத்த நாடகக் குழு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அங்கே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ முழு நாடகத்தையும் ஒரே இரவில் எழுதி முடித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த டி.கே. சண்முகம், அந்தச் சகோதரர்களில் ஒருவர், ‘எனது நாடக வாழ்க்கை’யில் சொல்லியிருக்கிறார். உங்கள் கூட்டத்தில் எல்லோரும் படிக்க வேண்டிய புத்தகம். வெண்பா, விருத்தம், கலித்துறை, நடுவில் பார்சி நாடக மெட்டு, கூடவே வசனம் என எல்லாவற்றையும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் மனப்பாடம் செய்தார்கள். அடி உதையும் இருந்தது. அதை அழகாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை.

அப்புறம் மகரக்கட்டு வரும். பையனுக்குக் குரல் உடையும் பருவத்துக்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் அது. நேற்றுவரை ராஜபார்ட், அதாவது கதாநாயக வேடம், போட்டவன் இன்று வாயைத் திறக்க முடியாது. பி.யு. சின்னப்பாவுக்கு அது நடந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்தவர், குரல் போனதும் புதுக்கோட்டையில் குஸ்தியும் சிலம்பமும் பழகிக்கொண்டிருந்தார். குரல் திரும்பி வந்தது, சினிமாவும் வந்தது, 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ இரட்டை வேடம் வந்தது. அவர் வாள் வீசும் காட்சியைப் பார்க்கும்போது, பாட முடியாமல் போன அந்த வருடங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

“மிகை நடிப்பு” என்பதற்கும் இதேதான் காரணம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கு நடிகரின் கண் தெரியாது, கைதான் தெரியும். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள். சிவாஜி அங்கே பெண் வேடங்களும் போட்டிருக்கிறார். பாத்திரம் வருத்தப்படுவது முதுகைப் பார்த்தாலே தெரிய வேண்டும் என்று கற்றுக்கொண்ட உடம்பு அது. கேமரா பக்கத்தில் வந்தபோதும் அந்த உடம்பு கற்றதை மறக்கவில்லை. மறக்காததால்தான் நாம் இன்றும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

இனி உங்கள் தோழி. அவருடன் சண்டை போடாதீர்கள். நீங்கள் இருவரும் ஒரே தெருக்காரர்கள். எத்தல் மெர்மன் என்று ஒரு பிராட்வே நடிகை இருந்தார். மைக் இல்லாமல் அரங்கின் கடைசி நாற்காலிவரை பாட்டைக் கொண்டுபோவதற்குப் பேர்போனவர். அவருடைய பாட்டு ஒன்றைத் தோழியைப் போடச் சொல்லுங்கள். அது முடிந்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் சுந்தராம்பாளைப் போடுங்கள். இரண்டு பேருடைய குரலிலும் அந்த உலோகக் கணகணப்பு இருக்கும். மொழி வேறு, சங்கீதம் வேறு, தேவை ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 1943-இல் நியூயார்க்கில் ‘ஓக்லஹோமா’ மேடையேறி 2,212 காட்சிகள் நடந்தது. கதையைப் பாட்டே நகர்த்திச் செல்கிறது என்று அதைக் கொண்டாடுவார்கள், நியாயம்தான். மறு வருடம், 1944 தீபாவளிக்கு, சென்னையில் பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ படம் வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஓடிய தியேட்டரின் பெயர் பிராட்வே. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அந்தப் படத்தின் ‘மன்மத லீலையை’ எத்தனை பேருக்குச் சாருகேசி ராகத்தை அறிமுகம் செய்தது! கதையைப் பாட்டால் நகர்த்துவதும் நமக்குப் புதிதில்லை. 1922-இல் மறைந்த சுவாமிகள் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வேடனாக வரும் முருகனையும் தினைப்புனம் காக்கும் வள்ளியையும் பாட்டிலேயே மோதவிட்டார். அவன் கேட்பான், அவள் மடக்குவாள். அதற்குத் தர்க்கம் என்று பெயர். பாட்டை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை.

நம் சினிமா இந்த மேடையிலிருந்துதான் நேராக இறங்கி வந்தது. 1934-இல் வந்த ‘பவளக்கொடி’யில் ஐம்பது பாட்டுகள். மேடையில் அர்ஜுனனும் பவளக்கொடியுமாக நடித்துக்கொண்டிருந்த பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையுமே படத்திலும் போட்டார்கள். அதனால் சினிமா ரசிகர், நாடக ரசிகர் என்று உங்கள் கூட்டத்தைப் பிரிக்க வேண்டாம். மகாலிங்கத்தைக் கேட்பவர் கிட்டப்பாவைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார், சில நேரம் தெரியாமலே.

கிட்டப்பா என்றதும் என் தாத்தா ஞாபகம் வந்துவிடுகிறது. சிறுவனாக இருந்தபோது அவரை மேடையில் பார்த்தவர். கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் போய்விட்டார். எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவர் நடந்ததும் திரும்பியதும் எப்படி என்று இனி யாரும் பார்க்க முடியாது. சில புகைப்படங்களும் இசைத்தட்டுகளும்தான் மிச்சம். தாத்தாவின் கடைசிக் காலத்தில் ஒரு கேசட்டில் ‘காயாத கானகத்தே’ போடுவேன். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். பாட்டு மேலே ஏறுகிற ஒரு இடத்துக்குச் சற்று முன்னால் வலது கை ஆள்காட்டி விரல் தானாக உயரும். மூச்சை நிறுத்திக்கொள்வார். குரல் போய் உச்சியில் நின்று இறங்கியதும் விரலும் இறங்கும். ஒருநாள் கேட்டேன். “மேடையில இன்னும் மேல போவாருடா. திரும்பத் திரும்பப் போவாரு. தட்டுல இடமில்ல” என்றார்.

பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். ஒன்ஸ்மோர் கேட்கக் கேட்க மேடையில் விரித்துக்கொண்டே போன பாட்டை அதற்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். நாம் கேட்பது அந்த மடிப்பை. அதற்கே உங்களுக்கு இரண்டு வருடமாகத் தூக்கம் போய்விட்டதே!

சுந்தராம்பாளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1926-இல் இலங்கையில் அவரும் கிட்டப்பாவும் ஒரே மேடையில் பாடினார்கள், அடுத்த வருடம் கல்யாணம். கிட்டப்பா போனபோது அந்த அம்மாளுக்கு இருபத்தைந்து வயது. அதன்பிறகு வெள்ளைப் புடவைதான். ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்து அழைத்தார்கள். நந்தனாராக, ஆண் வேடத்திலேயே நடித்தார். 1953-இல் ‘அவ்வையார்’ படம். ‘திருவிளையாட’லில் அவர் பாடும்போது ஒரு பாட்டி முருகனைச் சமாதானம் செய்வதாகத்தான் ஊரே பார்த்தது. எனக்கு அந்தக் குரலில் வள்ளி திருமணத்து மேடையும் சேர்ந்து கேட்கிறது. இது என் கற்பனையாகவே இருக்கட்டும். அப்படிக் கேட்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

சரி, பழசு மோகமா என்ற உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். முடிந்துபோன ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். ச., அது முடியவில்லை. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் பங்குனி, சித்திரைத் திருவிழாக்களில் இன்றும் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், கோமாளியாக வரும் பபூன் ஓர் ஊர். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாட்டு எல்லோருக்கும் பாடம் என்பதால் அன்று ராத்திரி சந்தித்து அன்று ராத்திரியே நடிக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் வள்ளி திருமணம் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் முருகனும் வள்ளியும் எதிரெதிரே உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஆர்மோனியக்காரர் எட்டிப் பார்த்து, “அம்மாவுக்கு எத்தனை?” என்றார். “நாலரைண்ணே” என்றது வள்ளி. அவ்வளவுதான் ஒத்திகை. ராத்திரி ஒன்றரை மணிக்குத் தர்க்கம் சூடு பிடித்தது. எனக்கு முன்னால் ஓர் அப்பத்தா, மடியில் வெற்றிலைப் பை, தோளில் தூங்கும் பேரன். வள்ளி பாடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் வள்ளிக்கு அடி எடுக்கவில்லை. ஆர்மோனியம் சுற்றிச் சுற்றி வந்தது. அப்பத்தா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டு அந்த அடியைச் சத்தமாகச் சொன்னார். வள்ளி பாட்டை விடாமலே அவர் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பி, அந்த அடியிலிருந்து எடுத்துப் பாடியது. கூட்டம் விசிலடித்தது. பேரன் விழிக்கவில்லை.

ரசிகர் என்றால் எனக்கு அந்த அப்பத்தாதான். அவர் பாட்டுக்கு “ஆகா” சொல்லவில்லை, பாட்டைக் கையிருப்பில் வைத்திருந்தார். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என் யோசனையும் அங்கிருந்தே வருகிறது. பாட்டுப் போடுபவர் முதலில் தனக்குப் பிடித்த இடத்தைச் சொல்லட்டும். “அருமையான பாட்டு” போதாது. எந்தச் சொல், அங்கே குரல் என்ன செய்கிறது, மூச்சு எங்கே விடுகிறார் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டுப் பாட்டைப் போடுங்கள். மற்றவருக்கு வேறு இடம் பிடித்திருந்தால் அவர் காட்டட்டும். தர்க்கம் தானாக வரும். ஆளுக்கொரு விருத்தமாவது பாடமாக்குங்கள், சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை. அந்த ரயில் பெரியவரைப் போல மேடையையோ அதன் பாட்டையோ சுமந்திருக்கிறவர்கள் உங்கள் வீடுகளில் இருந்தால், அவர்களை ஒரு ஞாயிறு கூப்பிட்டு நடுவில் உட்கார வையுங்கள். அவர்கள் விரல் எங்கே உயர்கிறது என்று பாருங்கள்.

இந்தச் சித்திரையில் நாடகம் எங்கே என்று விசாரித்து உங்களுக்கு எழுதுகிறேன். தோழியையும் அழைத்து வாருங்கள். பத்து மணிக்கு ஆரம்பிக்கும், பபூன் வந்து போகவே பன்னிரண்டு ஆகிவிடும். உட்கார ஒரு விரிப்பும் விடியற்காலைக் குளிருக்கு ஒரு போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் எழுந்துவிட வேண்டாம். வள்ளியை மிரட்ட யானை வருவது கடைசியில்தான்.

அன்புடன், உங்கள் கூட்டத்தில் இன்னொருவன்.