செவிலியர் மாணவர்களுக்குச் சான்று அடிப்படையிலான நடைமுறையைச் சலிப்பில்லாமல் கற்பிப்பது எப்படி?

கேட்டவர் ஆசிரியப் பணிக்குப் புதியவர் என்று நினைக்கிறேன். முதல் வகுப்பிலேயே சான்றுகளின் படிநிலையை, அதாவது எந்த வகை ஆய்வை எவ்வளவு நம்பலாம் என்ற வரிசையை, பிரமிடாக வரைந்திருப்பீர்கள். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்திருப்பார்கள். வார்டில் யாரும் யோசிக்காமல் தினமும் செய்யும் ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். பிரமிடு கடைசியில் வரட்டும்.

நான் எடுத்துக்கொண்டது ரைல்ஸ் குழாய், மூக்கு வழியாக இரைப்பைக்குள் செலுத்தி உணவு கொடுக்கும் குழாய். அது இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றின்மேல் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது எங்கள் வார்டின் வழக்கம். இதை நம்பலாமா என்று மாணவர்களைத் தேட விட்டேன். யாருக்கு, எந்த முறை, எதனோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்று கேள்வியை நான்காகப் பிரித்த பிறகுதான் (பாடப்புத்தகம் சொல்லும் பிக்கோ இதுதான்) தேடல் உருப்பட்டது. குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அந்த ஓசை கேட்கலாம் என்று தெரிந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பிரிட்டனில் 2005-லேயே இம்முறையைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். குழாயிலிருந்து உறிஞ்சிய திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸ்ரே.

உடனே ஒரு மாணவி, "மேடம், ஒமெப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு அமிலமே குறைந்திருக்குமே?" என்றாள். பிரமிடு கற்றுத்தராத கேள்வி அது.

அதே மாணவி வார்டில் இதைப் பேசியபோது, "வந்த வேலையைப் பார்" என்றார் மூத்த சிஸ்டர். மூத்தவர்களை நான் இழிவுபடுத்துவதாக யாரும் கிளம்ப வேண்டாம். இரவில் எக்ஸ்ரே எடுக்க ஆள் வரும்வரை நோயாளியைப் பட்டினி போடுவதா என்ற அவருடைய கேள்வி நியாயமானது. சான்று அடிப்படையிலான மருத்துவத்தின் முன்னோடியான டேவிட் சாக்கெட் 1996-இல் அதற்குத் தந்த வரையறையே ஆய்வுச் சான்றோடு மருத்துவ அனுபவத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அடுத்த கருத்தரங்குக்கு அந்த சிஸ்டரையே அழைத்தேன். தொடர்ந்து உணவு ஏறிக்கொண்டிருப்பவருக்குப் பி.எச். எப்படிச் சரியாக வரும் என்று எங்களைத் திணறடித்தார். பிறகு பி.எச். தாள் கேட்டுக் கோரிக்கை எழுதியதும் அவர்தான். நிதி இல்லை என்று அது திரும்பி வந்தது.

இதற்கெல்லாம் பதவி உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டமும் கிடையாது. வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு மட்டும் உண்டு. அதனால்தான் மாணவர்களை வைத்து "விழிப்புணர்வு நிலை குறித்த ஆய்வு" என்று ஆண்டுதோறும் ஒரே வினாத்தாளை நிரப்பவைத்து, ஆசிரியர் பெயரை முதலில் போட்டுக்கொள்கிறார்கள். எல்லோரையும் சொல்லவில்லை, யாருக்கு உறுத்துகிறதோ அவர்களைச் சொல்கிறேன்.

உங்களுக்கு ரைல்ஸ் குழாய் ஒத்துவராவிட்டால் இன்னும் இரண்டு: சிரைவழிக் குழலை 72 முதல் 96 மணிநேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுவது, அறுவை சிகிச்சைக்கு முந்தைய நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்காதது. இரண்டு வழக்கங்களையும் ஆராய்ந்த காக்ரேன் திறனாய்வுகள் (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடுபவை) உண்டு. அவற்றின் எளிய நடைச் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும்; முதலாண்டு மாணவருக்கும் புரியும்.