வால்பாறை மலைப்பாதைக்கு எந்த வாக்கி டாக்கி?

பொள்ளாச்சியிலிருந்து இரண்டு காரில் வால்பாறை போகிறோம், ஆழியார் தாண்டினால் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வருது, ஆன்லைனில் பார்த்த 5 வாட் செட் வாங்கலாமா என்று கேட்டிருந்தீங்க. வாங்காதீங்க. அதற்கு உரிமம் வேண்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் மட்டும் பேசும் அரை வாட் செட்டுக்கு 2018 விதிகளின்படி உரிமம் தேவையில்லை, ஆனால் இடிஏ சான்று (கருவி வகைக்கு அரசு தரும் ஒப்புதல்) இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டே வாங்குங்க.

பெட்டியில் போட்டிருக்கும் 10 கிலோமீட்டரை நம்ப வேண்டாம், நடுவில் மலை வந்தால் அலை நின்றுவிடும். ஆனாலும் அந்த 40 கொண்டை ஊசி வளைவில் ரோட்டுக் கணக்குக்கு ரொம்பத் தள்ளி வரும் கார், நேர்க்கோட்டில் பார்த்தால் பெரும்பாலும் உங்களுக்குக் கீழேயே இருக்கும், அதனால் சின்னச் செட்டே போதும். காரின் தகரம் அலையைத் தடுக்கும், ஜன்னல் ஓரம் ஆண்டெனாவை நிமிர்த்திப் பிடித்துப் பேசுங்க. ஓட்டுகிறவர் கையில் மட்டும் கொடுக்காதீங்க, பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். சேனலும் டோன் எண்ணும் (அதே சேனலில் பேசும் மற்றவர் குரலை வடிகட்டும் எண்) இரண்டு செட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அதை வீட்டிலேயே சரி பார்த்துவிடுங்க.

அவசரம் என்றால் வாக்கி டாக்கி அடுத்த காரை மட்டுமே எட்டும். 112-ஐ போனில் அழைத்துப் பாருங்க, உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நெட்வொர்க் இருந்தால் போகும். வாக்கி டாக்கியில் பதில் வராவிட்டால் முன்கார் வழியில் உள்ள அட்டகட்டியில் நிற்கும் என்று கிளம்பும்போதே பேசி வையுங்க.

அப்புறம், பையனுக்கு ஆர்வம் என்றீர்களே, 12 வயது ஆகியிருந்தால் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக உரிமம் பெற்றுப் பேசும் ரேடியோ) தேர்வே எழுதலாம்.