லேயர் 2 விபிஎன்-இல் ஒரு கிளை எட்டும் நிலையில் இருக்கிறதா என்பதை ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று எப்படித் தெரிவிக்கின்றன?

சென்னையில் ஓர் இணைப்புச் சேவை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தொலைவில் உள்ள கிளைகளை ஒரே உள்ளூர் வலைப்பின்னல் போல இணைப்பதுதான் லேயர் 2 விபிஎன். "நான் இருக்கிறேன்" என்று அறிவிப்பதில் எந்தப் புரோட்டோகாலும் சோடை போவதில்லை. "இனி இங்கே இல்லை" என்று சொல்வதில்தான் ஒவ்வொன்றின் குணமும் தெரியவரும்.

அதற்கான முறைகளில் ஒன்றான விபிஎல்எஸ் இரண்டு வகையில் வந்தது. இரண்டுக்கும் 2007-இல்தான் ஆர்எஃப்சி எனப்படும் நெறிமுறை ஆவணம் வெளியானது. 4762 எல்டிபி என்ற புரோட்டோகால் வழி: ஒவ்வொரு ஜோடி ரவுட்டரும் தங்களுக்குள் தனியாகப் பேசி லேபிளை, அதாவது எந்தத் தரவு எந்தக் கிளையுடையது என்று காட்டும் எண்ணை, மாற்றிக்கொள்ளும். 4761 பிஜிபி என்ற புரோட்டோகால் வழி: ரவுட்டர் ஒரே அறிவிப்பில் லேபிள்களைக் கொத்தாகக் கொடுத்துவிடும். சிறுசேரி ரவுட்டர் "என் கொத்து 800000-இல் தொடங்குகிறது, கிளை எண் 1 முதல் கணக்கு" என்று அறிவித்தால், கிளை எண் 2 கொண்ட அம்பத்தூர் ரவுட்டர் தனக்குரியது 800001 என்று தானே கூட்டிக்கொள்ளும். யாரும் யாரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

ஆனால் இரண்டுமே ரவுட்டர் இருப்பதை மட்டும்தான் சொல்கின்றன. அதன் பின்னால் எந்தெந்தக் கணினிகள் இருக்கின்றன என்பதை, வந்து போகும் ஃபிரேம்களை (தரவுத் துண்டுகளை), அவற்றில் உள்ள மேக் எனும் வன்பொருள் முகவரியைப் பார்த்துத்தான் மற்றவை கற்றுக்கொள்ளும்.

இதன் விலையை ஒரு ஐப்பசி மழையில் தெரிந்துகொண்டேன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆலை, சிறுசேரியில் அலுவலகம். ஆலைக்கு இரண்டு ஃபைபர், ஒவ்வொன்றும் எங்கள் தனித்தனி ரவுட்டருக்கு. ஒன்று இயங்கும், மற்றது காத்திருக்கும். வடிகாலுக்குத் தோண்டியவர்கள் முதல் ஃபைபரை வெட்டிவிட்டார்கள். இரண்டாவது உடனே எழுந்துகொண்டது. வாடிக்கையாளரிடமிருந்து அழைப்பு: "சார், உங்கள் பக்கம் எல்லாம் பச்சை என்கிறீர்கள். வருகைப் பதிவுக் கருவி மட்டும் ஏன் பதில் சொல்லவில்லை?"

எங்கள் திரையில் பச்சை என்பது உண்மைதான். வெட்டுப்பட்டது ஆலைக்கும் எங்கள் ரவுட்டருக்கும் நடுவில். அந்த ரவுட்டரிலிருந்து சிறுசேரி வரை சூடோவயர், அதாவது ரவுட்டர்களுக்கு இடையிலான மெய்நிகர் கம்பி, நன்றாகவே இருந்தது. ஆலையில் தாமாகப் பேசும் கணினிகளின் ஃபிரேம் புதிய வழியில் வந்ததும் சிறுசேரி அவற்றைத் திருத்திக்கொண்டது. வருகைப் பதிவுக் கருவியோ கேட்டால் மட்டும் வாய் திறக்கும் ரகம். வாடிக்கையாளரின் ரவுட்டர் ஏஆர்பி பதிவை (எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் என்ற குறிப்பை) நான்கு மணி நேரம் வைத்திருக்கும் என்பதால், அதுவும் புதிதாக விசாரிக்கவில்லை. அந்த மேக் பழைய வழியில்தான் இருக்கிறது என்ற சிறுசேரியின் பதிவு காலாவதியாக 300 வினாடி. ஐந்து நிமிடம் ஃபிரேம்கள் போன இடம் தெரியவில்லை. எல்டிபி-யில் பழைய பதிவுகளை அழிக்கச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. எங்கள் கட்டமைப்பில் யாரும் அதை இயக்கி வைக்கவில்லை. அந்த "யாரும்" என்பதில் நானும் அடக்கம்.

2015-இல் ஆர்எஃப்சி 7432 ஆக வந்த ஈவிபிஎன் என்ற அடுத்த முறை இந்த இடத்தைத்தான் சரிசெய்கிறது. ஒவ்வொரு மேக் முகவரியையும் பிஜிபி-யே வகை 2 அறிவிப்பாகச் சொல்லும். இணைப்புக்கென்று 10 பைட் அடையாளம் ஒன்றும் உண்டு, ஈஎஸ்ஐ என்பார்கள். அந்த இணைப்பை எட்ட முடியும் என்பதை வகை 1 அறிவிப்பு சொல்லும். இணைப்பு அறுந்தால் அந்த ஒரு அறிவிப்பைத் திரும்பப் பெற்றால் போதும். பின்னால் ஆயிரம் மேக் இருந்தாலும் எதிர்முனை அத்தனையையும் மற்ற ரவுட்டரின் பக்கம் திருப்பிவிடும். ஒரே மேக் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருந்தால், 180 வினாடிக்குள் 5 முறை ஆனதும் அதை இரட்டை முகவரி என்று முடிவுகட்டும்.

நீங்கள் ஆய்வகத்தில் முயன்று பார்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இரு ரவுட்டர்களிலும் ஈஎஸ்ஐ ஒன்றாக இருக்க வேண்டும். பூஜ்யமாக விட்டால் அது ஒற்றை இணைப்புக் கிளை என்று பொருள். மொத்தமாகத் திரும்பப் பெறும் வசதி கிடைக்காது. நான் ஒருமுறை அப்படி விட்டுவிட்டு, ஈவிபிஎன்-ஐயே அரை நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.