குழந்தைப் பராமரிப்பு நிலைய ஆசிரியர்களை எப்படி ஊக்கப்படுத்துவது? ‘மாதத்தின் சிறந்த ஆசிரியர்’ விருது பலன் தருமா?

கேள்வியைப் படித்தவுடன் தோன்றியது, நீங்கள் புதிதாகப் பொறுப்புக்கு வந்த சூப்பர்வைசராக இருக்க வேண்டும். வருடத்துக்கு நாலு பேர் வேலையை விட்டுப் போகிறார்கள், மேலிடம் “டீமை கொஞ்சம் மோட்டிவேட் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டது, நீங்களும் விருது, சனிக்கிழமை விளையாட்டு, பீட்சா என்று பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறீர்கள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், விருது பலன் தராது. ஒருத்திக்குக் கொடுத்தால் மற்றவர்கள் முகம் வாடும். முறை வைத்துக் கொடுத்தால் அது முறைவாசல் என்று இரண்டாவது மாதமே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நான் சிங்கப்பூரின் வடக்குப் பக்கம், வீவக (அரசாங்க அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு தனியார் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் வேறு இடங்களில் தமிழ் டீச்சராக இருந்தேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்கள் டீச்சர்கள் வேலையை விடுவது பிள்ளைகளால் அல்ல. பிள்ளை மேலே வாந்தி எடுத்தாலும் துடைத்துவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு பிரச்சினை வரும்போது தான் தனியாக நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் நாளில்தான் விலகல் கடிதத்தை மனசுக்குள் எழுதத் தொடங்குகிறார்கள். இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன்.

எங்கள் பிளேகுரூப் வகுப்பு, பதினெட்டு மாதத்திலிருந்து இரண்டரை வயது வரை. எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் என்பது விதி. (கைக்குழந்தை வகுப்பில் ஐந்துக்கு ஒருவர்.) விதிப்படி ஆள் இருந்தார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலையில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் முன்கையைக் கடித்துவிட்டது. இந்த வயதில் இது நடக்கும். பேச்சு வராத பிள்ளைக்குப் பல்தான் வாய். ஆனால் பெற்ற வயிறு அதையெல்லாம் கேட்குமா? அழைத்துப்போக வந்த அப்பா அந்தச் சிவந்த வட்டத்தைப் பார்த்தார். தமிழ்க்காரர்தான், டீச்சரும் தமிழ் என்பதால் கூடுதல் உரிமையோடு வாசலிலேயே கத்தினார். “நீங்க போன் பாத்துட்டு இருந்தீங்களா? எந்தப் பிள்ளை கடிச்சுது, பேரைச் சொல்லுங்க.” செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மற்ற பெற்றோர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த டீச்சர் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் எல்லைப் பாலம் கடந்து வருகிறவர். வாயைத் திறக்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்துபோயிற்று, கையில் இருந்த டயப்பர் பையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

நான் போய் இருவருக்கும் நடுவில் நின்றேன். “சார், இந்த வகுப்புக்கு நான் பொறுப்பு. எதுவானாலும் என்கிட்ட கேளுங்க, உள்ள வாங்க” என்று அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். டீச்சரை உள்ளே கூப்பிடவில்லை. கடித்த பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டோம், உங்கள் பிள்ளை நாளைக்கு ஒருவரைக் கடித்தாலும் சொல்ல மாட்டோம் என்றேன். பாலர் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பான இசிடிஏவுக்கு எழுதுவேன் என்றார். தாராளமாக எழுதலாம், அது உங்கள் உரிமை என்றேன்.

அவர் போன பிறகு டீச்சரையும் பக்கத்தில் உட்காரவைத்து சிசிடிவி பதிவைப் பார்த்தேன். 2024 ஜூலையிலிருந்து பாலர் பள்ளிகளில் கேமரா கட்டாயம் ஆனபோது எங்கள் ஆட்கள் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள், நம்மைத் திருடி மாதிரி பார்க்கிறார்களே என்று. அன்றைக்கு அந்தக் கேமராதான் காப்பாற்றியது. டீச்சர் ஒரு கை தூரத்தில் இன்னொரு பிள்ளைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு பொம்மை லாரிக்குச் சண்டை, கண் மூடித் திறப்பதற்குள் கடி. அவர் திரும்பி இரண்டு பேரையும் பிரித்து, ஓடிப்போய் ஐஸ் பை எடுத்துவருகிறார். போன் அவர் பக்கத்திலேயே இல்லை.

சம்பவ அறிக்கையை நானே எழுதினேன். “நீங்க கிளம்புங்க, பாலத்துல ஜாம் ஆயிரும்” என்று அனுப்பிவிட்டேன். பல இடங்களில் திட்டும் வாங்கி, அன்றிரவே அறிக்கையும் எழுதுவது அந்த டீச்சரேதான். மறுநாள் காலை பிள்ளைகளை உள்ளே வாங்கும் நேரம் நானும் வாசலில் அவர் பக்கத்தில் நின்று டெம்பரேச்சர் பார்த்தேன். அப்பா வந்தார், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனார். டீச்சர் மத்தியானம் என்னிடம் வந்து, “அக்கா, நேத்து ராத்திரி பஸ்ல வேற வேலை தேடிக்கிட்டே போனேன்” என்றார். இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்.

இங்கே ஒரு கூட்டம் வரும், “அப்போ பிள்ளை மேல கை வைக்கிற டீச்சரையும் காப்பாத்துவீங்களா?” என்று. மாட்டேன். 2023இல் பாலர் பள்ளி டீச்சர்கள் பிள்ளைகளை முரட்டுத்தனமாக நடத்துவதைக் காட்டி வெளிவந்த வீடியோக்களைப் பார்த்து இந்தத் தொழிலில் இருக்கிற எங்களுக்குத்தான் முதலில் வயிறு எரிந்தது. அப்படி ஒன்று நடந்தால் புகார் கொடுப்பது என் கடமை, அதில் அக்கா தங்கை கிடையாது. நான் சொல்வது, விசாரிக்கும்வரை வாசலில் ஒருவரைப் பலி கொடுக்காதீர்கள் என்பதுதான். பதிவில் வேறு விதமாக இருந்திருந்தால் வேறு விதமாகத்தான் நடந்திருப்பேன்.

சம்பளம் பற்றி எழுதாவிட்டால் அதற்கும் திட்டுவீர்கள். 2022இல் அரசாங்க ஆதரவு பெற்ற பாலர் பள்ளிகளில் அடுத்த ஈராண்டில் சம்பளம் 10 முதல் 30 விழுக்காடு வரை கூடும் என்று அறிவித்தார்கள். எங்களைப் போன்ற சின்னத் தனியார் நிலையங்கள் அதற்கு ஈடு கொடுக்க மூச்சுத் திணறுகின்றன. சூப்பர்வைசர் கையில் சம்பளம் இல்லை. முதலாளியிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், அதற்கு மேல் உங்களால் முடியாது.

உங்கள் கையில் இருப்பது நேரம். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை திறந்திருக்கும் இடத்தில் ஷிப்டு போடுவது நீங்கள்தானே? யாருக்கு எது வசதி என்று கேட்டுப் போடுங்கள். ஜொகூர்க்காரர், விடியுமுன் எழுந்து வருகிறாரே, பாவம் என்று நீங்களாக அவருக்குத் தாமத ஷிப்டு போட்டுவிடாதீர்கள். அவருக்குக் காலை முதல் ஷிப்டுதான் வேண்டும். மாலை நெரிசலுக்கு முன் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியைத் தாண்டிவிட்டால் தன் பிள்ளையோடு சாப்பிடலாம். பண்டிகையும் அப்படியே. எங்கள் இடத்தில் தீபாவளிக்கு முந்தின நாள் மாலை மலாய் சிக்குவும் சீன லாவ்ஷியும் (இரண்டுக்கும் டீச்சர் என்றுதான் அர்த்தம்) நிற்பார்கள், நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் தமிழ் டீச்சர்கள் நிற்போம். இதை யாரும் உத்தரவு போட்டுச் செய்யவில்லை. ஒரு வருடம் ஆரம்பித்தது, ஒட்டிக்கொண்டது.

சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். பிள்ளைகள் தூங்கும் மதிய நேரத்தில்தான் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் வளர்ச்சிக் குறிப்பான போர்ட்ஃபோலியோ எழுத வேண்டும், படம் ஏற்ற வேண்டும், பெற்றோர் செய்திக்குப் பதில் போட வேண்டும், சோறும் சாப்பிட வேண்டும். பேன்ட்ரியில் நின்றுகொண்டு பீஹூனை வாயில் திணிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் முறை வைத்துத் தூங்கும் அறையில் உட்காருகிறேன், என் கணினி வேலையை அங்கே இருட்டில் செய்கிறேன். அவர்கள் காப்பிக் கடைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டு வருகிறார்கள். சமையல் ஆன்ட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஸ்டாஃப் என்றால் டீச்சர் மட்டும் என்று நினைக்கிறவர்கள் நிறைய.

வருடக் கடைசி கான்சர்ட்டை முடிந்தால் சுருக்குங்கள். மண்டபம், உடை, இரண்டு மாத ஒத்திகை, இரவு வீட்டில் அட்டை வெட்டுவது. பெற்றோருக்கு மூன்று நிமிட வீடியோ, டீச்சருக்கு முதுகுவலி. நாங்கள் நிலையத்துக்குள்ளேயே, வகுப்பு வகுப்பாக நடத்துகிறோம். முதலில் சில பெற்றோர் முணுமுணுத்தார்கள், இப்போது தாத்தா பாட்டிகள் முன்வரிசையில் உட்கார இடம் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படுகிறார்கள்.

கேட்காத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் தமிழ் வகுப்புக்கு அறையே கிடையாது. பெரிய அறையில் சீன வகுப்பு பாட்டுப் பாடும். தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர், செருப்பு அலமாரிக்கும் கழிப்பறைக்கும் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்து அ ஆ எழுதுவோம். கேட்டால் “எண்ணிக்கை கம்மி தானே” என்பார்கள். அதைவிட வலித்தது நம் ஆட்களே, “வீட்டுல இங்கிலீஷ்தான் டீச்சர், தமிழ்ல ரொம்ப கஷ்டப்படுத்தாதீங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னது. ஏப்ரல் தமிழ் மொழி மாதத்தில் மட்டும் வேட்டி கட்டிப் படம் எடுக்க வருவார்கள். நான் அங்கிருந்து விலகியபோது என்ன காரணம் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் நிலையத்தில் தமிழ் டீச்சரோ மலாய் டீச்சரோ பாதி நாளுக்கு மட்டும் வந்து போகிறவராக இருந்தால், அவருக்கு ஒரு மேசையாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, சனிக்கிழமை விளையாட்டு வேண்டாம். வாரம் முழுக்க நின்ற காலை வைத்துக்கொண்டு கயிறு இழுக்க யாருக்கும் ஆசை இல்லை, முகத்துக்காக வருவார்கள். அந்தப் பணத்தை, ஆள் வராத நாளில் பதிலுக்கு வரும் ரிலீஃப் டீச்சருக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கை, கால், வாய் நோய் வரும் பருவத்தில் டீச்சர் ஒருவர் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலை ஆறு மணிக்குப் போன் செய்யும்போது, “வராதீங்க, ஆள் இருக்கு” என்று சொல்லவாவது முடியும்.