காலையில் கியர் இழுக்கிறதா? கியர்பாக்ஸை மாற்ற அவசரப்படாதீர்கள்

வணக்கம் அண்ணே. உங்கள் ஆட்டோ கியர் வண்டி காலையில் டி (முன்னே ஓட்டும் நிலை) போட்டால் தயங்கித்தான் நகர்கிறது, 2-லிருந்து 3-க்கு மாறும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மட்டும் எகிறுகிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது, கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சூடானதும் சரியாவது நல்ல தடயம். கிளட்ச் தகடுகள் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் சூட்டில்தான் மோசமாகும். குளிரில் மட்டும் என்றால் கியர்பாக்ஸ் எண்ணெய் குறைவு, இறுகிப்போன ரப்பர் சீல், வால்வ் பாடியில் (எண்ணெயைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் பாகம்) அழுக்கு, இவற்றைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

உங்களுடையது பழைய கொரோலா என்பதால் கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் குச்சி) இருந்தால் நீங்களே பார்க்கலாம். கொஞ்சம் ஓட்டிவிட்டு, சமதளத்தில் எஞ்சின் ஓடும்போதே, கியரை எல்லா நிலைக்கும் நகர்த்தி பி-க்கு (நிறுத்தும் நிலை) கொண்டுவந்து அளவெடுங்கள். (ஹோண்டாவில் எஞ்சினை நிறுத்திப் பார்க்க வேண்டும்.) எண்ணெய் குறைந்திருந்தால் கசிவு எங்கே என்று தேடுங்கள், இந்த எண்ணெய் தானாகத் தீர்ந்துபோகாது. எண்ணெய் கறுத்து, கருகிய வாடை வந்தால் உள்ளே தேய்மானம் உண்டு.

அப்புறம் ஸ்கேனர் போட்டு சொலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) கோளாறு பதிவாகியிருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுவதென்றால் கையேட்டில் சொன்ன எண்ணெய் வகைதான். அழுத்தம் கொடுத்துக் கழுவ விடாதீர்கள்.

சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பிக்கும் நேரம் நெருங்கினால், 5 ஆண்டா 10 ஆண்டா என்று முடிவெடுக்கும் முன்பே இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். எண்ணெயின் நிறத்தை இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.