கேள்வி பதில்: பிரகடனம் முதல் திருத்தம் வரை

பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டியது நம்ம மலைத் தேயிலை என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். உண்மையா? அமெரிக்கா பிரிந்துபோனது ஒரு தேயிலை வரிக்காகவா?
*– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி*

நம்ம தேயிலை இல்லை. 1773 டிசம்பர் 16 இரவு, பிரிட்டனின் தேயிலை வரியை எதிர்த்த குடியேற்றவாசிகள் கடலில் வீசிய 342 பெட்டிகளிலும் இருந்தது சீனத் தேயிலை. அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. நீலகிரியில் தேயிலைச் செடியைச் சோதனைக்கு வைத்ததே 1830களில்தான்.

விலையும் காரணமில்லை. அந்த ஆண்டு வந்த சட்டத்தால் கம்பெனித் தேயிலையின் விலை குறையத்தான் செய்தது. பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் நீங்கவில்லை. அதை விதித்த லண்டன் நாடாளுமன்றத்தில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. எங்கள் சம்மதம் கேட்காமல் எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்பதுதான் சண்டை. 1776 சுதந்திரப் பிரகடனம் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மீது அடுக்கும் நீண்ட குற்றப்பட்டியலில் இந்தப் புகாரும் இருக்கிறது.

எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பிரகடனத்தில் எழுதிவிட்டு அடிமைகளை எப்படி வைத்திருந்தார்கள்? அந்த வரியைக் காட்டி வழக்குப் போட முடியாதா?
*– கல்லூரி மாணவி, கூடலூர்*

முடியாது. பிரகடனம் ஒரு நாடு பிறந்ததற்கான அறிவிப்பு. நீதிமன்றம் அமல்படுத்தக்கூடிய சட்டம் அல்ல. பிரிவது என்று ஓட்டெடுத்தது 1776 ஜூலை 2. வாசகத்தை ஏற்றது ஜூலை 4. உறுப்பினர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. அரசமைப்பு எழுதப்பட்டது அதற்கு 11 ஆண்டுகள் கழித்து, 1787இல்.

நீங்கள் சுட்டும் முரண்பாடு மெய்யானது, அதை மழுப்பக் கூடாது. வரைவை எழுதிய ஜெஃபர்சனே அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் எழுதிய பகுதியையும் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய அவையான காங்கிரஸ் நீக்கிவிட்டது. 1787 அரசமைப்பு 'அடிமை' என்ற சொல்லையே எழுதாமல் அடிமைமுறைக்கு இடம் கொடுத்தது. காங்கிரஸ் எனப்படும் புதிய நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை இடங்களைப் பங்கிடும்போது அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம். 1808 வரை அடிமைகள் கொண்டுவரப்படுவதைக் காங்கிரஸ் தடுக்க முடியாது. ஓட்டில்லாத மனிதர்களின் தலையை எண்ணி, அவர்களை அடிமைப்படுத்தியவர்களுக்கே கூடுதல் இடம் கொடுத்த ஏற்பாடு அது.

அடிமைமுறையை ஒழித்தது 1865இன் 13ஆம் திருத்தம். வழக்கறிஞர்கள் கையில் எடுப்பது 1868இன் 14ஆம் திருத்தத்தில் உள்ள 'சட்டத்தின் சமமான பாதுகாப்பு' என்ற பகுதியைத்தான். 1954இல் பள்ளிகளில் நிறவாரியான பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதை வைத்துத்தான்.

அரசமைப்புக்கு முன்பு இருந்த கூட்டமைப்பு விதிகள் ஏன் தோற்றன? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'மத்திய அரசு பலவீனம்' என்ற ஒரே வரியோடு புத்தகம் நகர்ந்துவிடுகிறது.
*– வாசகர், கொடைக்கானல்*

பலவீனம் எங்கே இருந்தது என்று பார்த்தால்தான் 1787 அரசமைப்பே புரியும்.

விதிகள் நடைமுறைக்கு வந்தது 1781 மார்ச் 1. பெரிய மாநிலமோ சின்னதோ, ஆளுக்கு ஓர் ஓட்டு. முக்கிய முடிவுக்கு 13இல் 9 மாநிலங்கள் வேண்டும். தனி நிர்வாகத் தலைவர் இல்லை, தேசிய நீதித்துறை இல்லை. எல்லாவற்றையும்விட மோசமானது, காங்கிரஸுக்கு வரி வசூலிக்கும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் இவ்வளவு தாருங்கள் என்று கேட்கலாம், அவ்வளவுதான். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதிவிட்டு, தராதவரைக் கேட்க ஆளில்லாத ஊர் மாதிரி. போர்க் கடனோ தலைக்குமேல் இருந்தது.

சரி, விதியைத் திருத்தலாமே? திருத்த 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை விதிக்கக் காங்கிரஸ் 1781இல் அனுமதி கேட்டது. ரோட் தீவு என்ற சின்னஞ்சிறு மாநிலம் மறுக்க, திட்டம் விழுந்தது. அடுத்த முயற்சியை நியூயார்க் முடக்கியது. 1786இல் மாசசூசெட்ஸில் கடனும் வரியும் தாங்காத விவசாயிகள் நீதிமன்றங்களை மறித்தார்கள். ஷேஸ் கலகம் என்று படித்திருப்பீர்கள். அதை அடக்கக் காங்கிரஸிடம் பணமும் இல்லை, படையும் இல்லை. பாஸ்டன் வணிகர்கள் தந்த பணத்தில் மாநிலமே படை திரட்டியது.

1787 மே முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியாவில் கூடியவர்கள் 55 பேர், கையெழுத்திட்டவர்கள் 39 பேர். விதிகளைத் திருத்தப் போனவர்கள் புதிதாகவே எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஓர் அடைப்பு இருப்பதைக் கவனியுங்கள். வரியும் வணிகமும் காங்கிரஸுக்கு வந்தன. மேலவையான செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு இடம், பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி இடம். 9 மாநிலங்கள் ஏற்றாலே அவற்றுக்கிடையில் அரசமைப்பு அமலாகும் என்று எழுதியதால், தனியாக நின்று கதவடைக்கும் வசதி ரோட் தீவுக்குப் போனது. மாநாட்டுக்கே ஆள் அனுப்பாத அந்த மாநிலம் 1790இல், 34க்கு 32 ஓட்டில், கடைசியாக வந்து சேர்ந்தது.

தேர்வில் பலர் வழுக்கும் இடம் உரிமைகள் சாசனம். அது 1787 மூல அரசமைப்பில் இல்லை. பிலடெல்பியா மாநாட்டுக்கு வந்திருந்த ஜார்ஜ் மேசன் கையெழுத்திட மறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1789இல் காங்கிரஸ் அனுப்பிய திருத்தங்கள் 12. 1791 டிசம்பர் 15க்குள் நிறைவேறிய 10தான் உரிமைகள் சாசனம். மிச்சம் இரண்டில் ஒன்று, உறுப்பினர்களின் சம்பள மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அமலாகும் என்பது, 1992இல் 27ஆம் திருத்தமாக உயிர்பெற்றது. அனுப்பியபோது கெடு எதுவும் வைக்காததால் 202 ஆண்டுகள் கழித்தும் அது செல்லுபடியானது.

அமெரிக்க ஜனாதிபதி ஓர் உத்தரவு போட்டு அரசமைப்பை மாற்றிவிட முடியுமா?
*– ஓய்வுபெற்ற ஆசிரியை, குன்னூர்*

முடியாது. திருத்தத்தில் அவர் கையெழுத்துக்கே இடமில்லை. 1798இலேயே உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் முன்மொழிய வேண்டும், பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஏற்க வேண்டும். 50இல் 38. பதின்மூன்று மாநிலங்கள் நகராமல் இருந்தாலே திருத்தம் நின்றுவிடும். மாநிலங்கள் கோரும் மாநாடு மூலமும் முன்மொழியலாம், இதுவரை அப்படி நடந்ததில்லை. நம் நாட்டில் 368ஆம் பிரிவின்படி பல திருத்தங்களுக்கு நாடாளுமன்றமே போதும். கூட்டாட்சியைத் தொடும் சிலவற்றுக்குத்தான் பாதி மாநிலங்கள் வேண்டும். அங்கே 38 மாநிலங்கள் சேர்ந்தாலும் கை வைக்க முடியாத ஒன்று உண்டு: ஒரு மாநிலத்தின் சம்மதமில்லாமல் செனட்டில் அதற்குள்ள சம இடத்தைப் பறிக்க முடியாது.